வடை பொரித்த எண்ணெயை மறுபடி சூடாக்கினால் டிரான்ஸ் கொழுப்பாகிவிடுமா?

வடைக்கடை மகள் (கொட்டகலை), ஞாயிறு இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இன்று மனம் கேட்காமல் எழுதுகிறேன்.

அம்மா பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாக வடை போடுகிறார். கொழுந்து பறித்துத் தோள்மூட்டு போன பிறகு, தோட்டத்து வேலையை விட்டுத் தொடங்கிய தொழில். நானும் தம்பியும் படித்தது அந்த வடையில்தான். இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இப்போது கிளினிக் போகிறார். அங்கே "டிரான்ஸ் கொழுப்பு உள்ளதை எல்லாம் விட்டுவிடுங்கள்" என்றார்கள். எதில் இருக்கிறது என்று கேட்க நேரமில்லை, பின்னால் பெரிய வரிசை.

அந்த வாரமே தம்பிக்கு வட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. ஒரு தடவை கொதித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் வைத்தால் அது முழுதாக டிரான்ஸ் கொழுப்பாக மாறிவிடும், மூன்றாம் தடவை விஷம் என்று. அவன் யோசிக்காமல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டான். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. "மிஞ்சின வடையைத்தானே இத்தனை வருசம் அவருக்குக் கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். விலை ஏறினால் பாம் எண்ணெய். விறகு அடுப்பு. காலையில் பொரித்த எண்ணெயில்தான் மாலையிலும் பொரிப்போம், அடுத்த நாள் அதோடு புது எண்ணெய் ஊற்றுவோம். இது டிரான்ஸ் கொழுப்பா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


ஏலக்காய் (இராகலை), ஞாயிறு இரவு 9.15

தங்கச்சி, மனம் நோகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி உண்மையாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பொன்னிறமாக ஊற்றியது இரண்டு நாளில் தேயிலைச் சாயம் மாதிரி ஆகிறது. உள்ளே ஒன்றும் மாறாமல் நிறம் மட்டும் எப்படி மாறும்?

நான் முன்பு நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். பெரிய இடத்தில் பொரித்து முடித்த எண்ணெயை டின் கணக்கில் வாங்கி வந்து அதில்தான் ரோல்ஸ் பொரிப்பார்கள். அதைச் சாப்பிட்டு இரண்டு நாள் படுத்திருக்கிறேன். 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் (பூஞ்சணத்திலிருந்து வரும் நச்சு) என்று நாடே பேசியது நினைவிருக்கும். அன்றிலிருந்து எண்ணெய் விஷயத்தில் யார் என்ன எச்சரிக்கை சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.


வெண்கட்டி (பதுளை), திங்கள் காலை 6.10

மகளே, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்தச் செய்தி பிழை. ஏலக்காய் தம்பி சொன்னதிலும் ஒரு உண்மை இருக்கிறது, அது வேறு உண்மை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் இத்தனை குழப்பம். முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயில் இருப்பவை நீண்ட காபன் சங்கிலிகள். சில சங்கிலிகளில் நடுவே இரட்டைப் பிணைப்பு இருக்கும், அவற்றை நிரம்பாதவை என்போம். செடி உண்டாக்கும் எண்ணெயில் அந்த இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி முழங்கை மாதிரி வளைந்திருக்கும். அது சிஸ் வடிவம். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஆனால் வளைவு நிமிர்ந்துவிட்டால் டிரான்ஸ் வடிவம்.

விறகுக்கட்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். நேரான யூக்கலிப்டஸ் கம்புகளைக் கட்டினால் கட்டு இறுகி நிற்கும். கவ்வாத்து மிலாறை, அதாவது வெட்டிவிட்ட வளைந்த தேயிலைக் குச்சிகளைக் கட்டினால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் இடையிடையே பொந்து இருக்கும். வளைந்த சங்கிலிகளும் அப்படித்தான், நெருங்கி அடுக்க முடியாததால் திரவமாக ஓடுகின்றன. நிமிர்ந்தவை அடுக்கி உறைந்துவிடும். எண்ணெயிலுள்ள ஒலீயிக் அமிலம் சுமார் 13 பாகை செல்சியஸில் உருகிவிடும். அதன் டிரான்ஸ் வடிவத்துக்குச் சுமார் 44 பாகை வேண்டும். ஒரே ஒரு வளைவு நிமிர்ந்ததால் வந்த வித்தியாசம் இது.

இப்போது உங்கள் கேள்வி. வளைவை நிமிர்த்த வேண்டுமானால் இரட்டைப் பிணைப்பில் ஒரு பிணைப்பை உடைத்து, சங்கிலியைத் திருப்பி, மறுபடி பூட்ட வேண்டும். அதற்கு நிறையச் சக்தி வேண்டும். வடை பொரியும் 160 முதல் 180 பாகைச் சூட்டில் அது மிக மிக அரிதாகவே நடக்கும். தொழிற்சாலையில் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் தூளை ஊக்கியாக, அதாவது வேலையை வேகப்படுத்தும் பொருளாகப் போட்டு, அழுத்தத்தில் ஐதரசன் வாயுவைச் செலுத்துவார்கள். நிக்கலின் மேற்பரப்பில் இரட்டைப் பிணைப்பு திறக்கும். ஐதரசன் முழுதாக ஏறினால் நிரம்பிய கொழுப்பு. ஏறாமல் பாதியில் விட்டால் பிணைப்பு மறுபடி மூடும், மூடும்போது பல சங்கிலிகள் நிமிர்ந்துவிடும். திரவ எண்ணெயை இப்படிக் கெட்டியாக்க வில்ஹெல்ம் நோர்மன் என்ற ஜெர்மனியர் 1902 இல் காப்புரிமை பெற்றார். உலகத்து டிரான்ஸ் கொழுப்பில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தது.

அம்மாவின் தாச்சியில் நிக்கலும் இல்லை, ஐதரசன் வாயுவும் இல்லை.


குளிர்காற்று (நுவரெலியா), திங்கள் காலை 7.30

சேர், உங்கள் விளக்கத்தை வாசித்ததும் ஒரு பயம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் வருடம் முழுக்க உறைந்துதான் இருக்கும். சமைப்பதற்கு முன் போத்தலை அடுப்புக் கல்லில் சாத்தி வைப்போம், அல்லது சுடுதண்ணீரில் வைப்போம். கொழும்பிலிருந்து வந்த மச்சாள் அதைப் பார்த்துவிட்டு, உறைகிற எண்ணெய் எல்லாம் கெட்ட கொழுப்பு, மாஜரின் மாதிரி என்றாள். நேராக அடுக்கியதுதான் உறையும் என்றால் தேங்காய் எண்ணெய் டிரான்ஸா? ஜனவரிப் பனியில் பாம் எண்ணெயும் கலங்கிப் பாதி வெள்ளையாகிவிடுகிறது.


மகாவலிக்கரை (பேராதனை), திங்கள் காலை 10.05

சேர் வருவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன் அக்கா. நான் இங்கே உணவு விஞ்ஞானம் படிக்கிறேன், கொழுப்புத்தான் இந்த வருடப் பாடம்.

தேங்காய் எண்ணெய் உறைவதற்குக் காரணம் டிரான்ஸ் அல்ல. அதில் சுமார் 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. நிரம்பிய சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே கிடையாது, ஆகவே வளைவும் இல்லை. அது பிறப்பிலேயே நேரான கம்பு. 24 பாகைக்குக் கீழே போனால் உறையும். கொழும்பில் 28, 30 பாகை, அதனால் உங்கள் மச்சாள் வீட்டில் அது எப்போதும் தண்ணீர் மாதிரி இருக்கும். நுவரெலியாவில் சாதாரணப் பகலே 24 ஐத் தொடுவது அபூர்வம். எண்ணெய் ஒன்றுதான், ஊர்தான் வேறு. உறைந்து உருகி உறைந்து உருகினாலும் அதன் வடிவம் மாறாது, பயப்படாமல் சாத்தி வையுங்கள். பாம் எண்ணெயிலும் ஏறக்குறையப் பாதி நிரம்பியது, அதனால்தான் குளிரில் கலங்குகிறது. சூரியகாந்தி எண்ணெய் உங்கள் ஊர்க் குளிரிலும் தெளிவாக நிற்கும்.

இதில் வடைக்கடை அக்காவுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. டிரான்ஸாக மாற வேண்டுமென்றால் முதலில் இரட்டைப் பிணைப்பு இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எவ்வளவு எரித்தாலும் அதிலிருந்து பெரிய அளவில் டிரான்ஸ் வர வழியே இல்லை. கூடுதலாக மாறக்கூடியவை சோயா, கனோலா போன்றவை, அவற்றில் மூன்று இரட்டைப் பிணைப்புள்ள லினோலெனிக் அமிலம் இருக்கிறது. அது மற்றவற்றைவிடச் சீக்கிரம் நிமிர்ந்துவிடும்.

அளவையும் சொல்ல வேண்டும். சுத்திகரித்த எண்ணெய் எதை எடுத்தாலும் கொஞ்சம் டிரான்ஸ் கொழுப்போடுதான் கடைக்கு வருகிறது, பெரும்பாலும் 2 வீதத்துக்குக் கீழே. காரணம், மணம் நீக்குவதற்காக ஆலையில் 200 பாகைக்கு மேல், சில வேளை 250 வரை சூடாக்கி நீராவி விடுகிறார்கள். வீட்டு அடுப்பில் எந்த எண்ணெயும் அவ்வளவு நேரம் அவ்வளவு சூட்டில் நிற்பதில்லை. சூடாக்கிய எண்ணெய்களை அளந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கிடைத்த விடை இதுதான்: 200 பாகைக்குக் கீழே சொல்லும்படியான மாற்றம் இல்லை. அதற்கு மேல் மெல்ல ஏறத் தொடங்கும். 240 ஐ நெருங்கினால், அதுவும் மணிக்கணக்கில் வைத்தால், கவனிக்கத்தக்க அளவு வரும்.

கணக்கொன்று போடுவோம். ஒரு வடை 5 கிராம் எண்ணெய் குடிக்கிறது, அந்த எண்ணெயில் 1 வீதம் டிரான்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வடையில் 0.05 கிராம். நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை சுமார் 2.2 கிராம். அந்த எல்லையைத் தொட நாற்பத்து நான்கு வடை சாப்பிட வேண்டும்.


போறணை (ஹட்டன்), திங்கள் பகல் 2.20

வடையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வாருங்கள். நான் இருபத்திரண்டு வருடம் பேக்கரிப் போறணையில் நின்றவன். இந்தக் கதை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மாலுபாண், பேஸ்ட்ரி, கேக், பிஸ்கட், அப்புறம் அந்த வெள்ளை கிரீம் பணிஸ். இவற்றுக்கு எண்ணெய் சரிவராது. மாவின் அடுக்குகள் பிரிந்து நிற்க வேண்டுமானால் கெட்டியான கொழுப்பு வேண்டும். கைச்சூட்டில் உருகக் கூடாது, வாய்க்குள் போனதும் உருக வேண்டும். பட்டருக்கு அந்த விலை கொடுக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. ஆகவே பெரிய பெட்டியில் வரும் சோர்ட்னிங், பேஸ்ட்ரி மாஜரின். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெட்டியின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இங்கிலீஷில் இருக்கும்: பகுதி ஐதரசனேற்றிய தாவர எண்ணெய். அது என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தாவர எண்ணெய் என்றதும் நல்லது என்று நினைத்தோம். என் பிள்ளைகளுக்குப் பாணில் தடவிக் கொடுத்ததும் அதைத்தான்.

இப்போது சேர் எழுதியதை வாசிக்கும்போது வயிறு கலங்குகிறது. அந்த "பகுதி" என்ற சொல்லுக்குள்தான் முழு விஷயமும் இருந்திருக்கிறது.


மகாவலிக்கரை, திங்கள் பகல் 3.00

போறணை அண்ணா, அந்தச் சொல்லை நீங்கள் கவனித்து வைத்திருந்ததற்கு நன்றி. சரியாக அதேதான். முழுதாக ஐதரசனேற்றினால் டிரான்ஸ் கிட்டத்தட்ட மிஞ்சாது, கல் மாதிரி நிரம்பிய கொழுப்பாகிவிடும். பாதியில் நிறுத்தியதில்தான் கொழுப்பின் 25 முதல் 45 வீதம் வரை டிரான்ஸ். அப்படிப்பட்ட மாஜரின் 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி, பாணில் தடவினால் ஒரு நாளைக்கான எல்லையை நெருங்கிவிடும் அல்லது தாண்டிவிடும். நாற்பத்து நான்கு வடையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதனால்தான் நாடுகள் சமையலறையைக் கட்டுப்படுத்தாமல் ஆலையைக் கட்டுப்படுத்தின. டென்மார்க் 2003 இல் முதலில் கொழுப்பின் 2 வீதம் என்று எல்லை வைத்தது. அமெரிக்கா 2015 இல் பகுதி ஐதரசனேற்றிய எண்ணெய் பாதுகாப்பானதல்ல என்று அறிவித்து 2018 இலிருந்து நிறுத்தியது. இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து 2 வீத எல்லை. இப்போது பல மாஜரின்கள் பாம் எண்ணெயை அடிப்படையாக வைத்துச் செய்யப்படுகின்றன, டிரான்ஸ் மிகக் குறைவு. எல்லா டப்பாவும் ஒன்றல்ல, ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும்.


வெள்ளைச்சீருடை (நாவலப்பிட்டி), திங்கள் இரவு 7.45

தங்கச்சி, நான் தாதி. இதய நோயாளர் கிளினிக்கில் சில வருடம் இருந்தேன். கேட்க நேரமில்லாமல் போனதே என்று எழுதியிருந்தீர்கள், அதை வாசித்தபோது எனக்கு வலித்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறோம், ஒரு சொல்லைச் சொல்லி அனுப்புகிறோம், அந்தச் சொல் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரிவதில்லை.

டிரான்ஸ் கொழுப்பு ஏன் கூடாது என்றால், அது கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றுவதோடு நல்ல கொலஸ்ட்ரோலை இறக்கவும் செய்கிறது. நாளாந்தச் சக்தியில் 2 வீதம் டிரான்ஸ் கொழுப்பிலிருந்து வந்தால் இதய நோய் ஆபத்து சுமார் 23 வீதம் கூடும் என்று 2006 இல் வெளியான பெரிய மீளாய்வு ஒன்று காட்டியது. இவ்வளவு சின்ன அளவுக்கு இவ்வளவு கேடு செய்யும் கொழுப்பு வேறில்லை. ஆகவே விடச் சொன்னது சரி.

ஆனால் அப்பாவின் நெஞ்சுவலிக்கு அம்மாவின் வடையைக் காரணமாக்க வேண்டாம். இரத்த அழுத்தம், நீரிழிவு, சிகரட், வெற்றிலையோடு புகையிலை, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று பத்து விஷயம் சேர்ந்துதான் வருகிறது. அவர் தோட்டத்தில் என்ன வேலை செய்தார், காலையில் என்ன சாப்பிடுவார் என்று எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலே தேங்காய் எண்ணெயில் டிரான்ஸ் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். உண்மை. அதை வாசித்துவிட்டு அப்பாவுக்குத் தாராளமாக ஊற்றிவிடாதீர்கள். நிரம்பிய கொழுப்பும் கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும். பொரித்த எண்ணெய் எதுவானாலும் அவருக்கு அளவு குறைய வேண்டும். மாட்டுப்பால், நெய், பட்டரில்கூட இயற்கையாகக் கொஞ்சம் டிரான்ஸ் உண்டு, பாற்கொழுப்பில் 2 முதல் 5 வீதம் வரை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்குள் அதுவும் சேரும்.


ஏலக்காய், திங்கள் இரவு 9.30

சரி, டிரான்ஸ் விஷயத்தில் நான் நினைத்தது பிழை. கணக்கைப் பார்த்தேன், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. நான் படுத்த இரண்டு நாள் பொய்யா? அந்தக் கறுத்த டின் எண்ணெய் நல்லதா? டிரான்ஸ் இல்லை என்று எல்லாரும் எழுதுவதை ஒரு கடைக்காரர் வாசித்தால் அதே எண்ணெயை இன்னும் ஒரு வாரம் ஓட்டுவார்.


மகாவலிக்கரை, செவ்வாய் காலை 9.20

ஏலக்காய் அண்ணா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். இல்லை, நல்லதல்ல. நீங்கள் கண்ணால் கண்டது உண்மை, அதற்கு வைத்த பெயர்தான் வேறு.

சூடான எண்ணெயில் மூன்று வேலை ஒன்றாக நடக்கிறது. வடையிலிருந்து வரும் தண்ணீர் எண்ணெயைப் பிளந்து கொழுப்பமிலங்களைத் தனியாக விடுகிறது. தேங்காய் எண்ணெயில் இது நடந்தால் சவர்க்காரம் மாதிரி ஒரு சுவை வரும், புகையும் சீக்கிரம் வரும். காற்றிலுள்ள ஒட்சிசன் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி அல்டிஹைட்டுகளை உண்டாக்குகிறது, அந்தச் சிக்கு வாசனை அதுதான். பிறகு உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்த மூலக்கூறுகளாகின்றன. எண்ணெய் பாகு மாதிரித் தடித்து, தாச்சியின் ஓரத்தில் பிசின் மாதிரிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிறம் கறுப்பதற்கு எண்ணெயில் கிடந்து கருகும் மாத்தூளும் பெரிய காரணம்.

இவற்றை மொத்தமாக முனைவுச் சேர்வைகள் என்று அளக்கிறார்கள். புது எண்ணெயில் சில வீதம்தான் இருக்கும். ஐரோப்பாவில் பல நாடுகள் 24, 25 வீதம் வந்ததும் கொட்டிவிட வேண்டும் என்கின்றன. இந்தியாவிலும் 2018 ஜூலையிலிருந்து எல்லை 25 வீதம். அந்த எல்லையைத் தாண்டிய எண்ணெயில்கூட டிரான்ஸ் சொற்பமாகவே இருக்கலாம். இரண்டும் வேறு வேறு அளவை.

புகை வருவதை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். புகையும் எண்ணெயிலிருந்து வரும் அக்ரோலின்தான் கண்ணை எரிக்கிறது, தொண்டையைக் கமறச் செய்கிறது. சாப்பிடுபவரைவிட அடுப்படியில் நிற்பவருக்குத்தான் அது முதலில் போகிறது. பதினெட்டு வருடமாக நிற்கும் அம்மாவுக்கு.


குளிர்காற்று, செவ்வாய் காலை 11.00

நன்றி, போத்தலைப் பற்றிய பயம் போய்விட்டது. மச்சாளுக்கும் அனுப்பிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். எங்கள் ஊரில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் பருப்பு வேகாது. அப்படியானால் எண்ணெயும் இங்கே குறைந்த சூட்டிலேயே கொதிக்குமா? குறைந்த சூடு என்றால் எங்களுக்கு நல்லதுதானே?


வெண்கட்டி, செவ்வாய் மாலை 5.40

நல்ல கேள்வி, வகுப்பில் கேட்டிருந்தால் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டிருப்பேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்புக்கு அந்த ஆறு பாகை குறைவதால்தான் அதிக நேரம்.

எண்ணெய் கதை வேறு. வடை போட்டதும் நாம் பார்க்கும் கொதி எண்ணெயின் கொதி அல்ல. மாவிலிருந்த தண்ணீர் ஆவியாகி வெளியேறும் குமிழி. சமையல் எண்ணெய் கொதிநிலையை அடைவதற்கு முன்பே புகைந்து, சிதைந்து, தீப்பற்றிவிடும். ஆகவே மலை உயரம் எண்ணெய்க்கு எந்தப் பாதுகாப்பும் தராது. தண்ணீர் இருக்கும்வரை அது ஆவியாக நிறையச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், எண்ணெய் அடங்கி நிற்கும். வடையை அள்ளி எடுத்த அடுத்த நிமிடம் எடுத்துப்போக ஒன்றுமில்லை. அப்போதுதான் ஏறும். விறகு அடுப்பில் இன்னும் வேகமாக.

தாளிப்பு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். இரண்டு கரண்டி எண்ணெய் சீக்கிரம் 200 பாகையைத் தாண்டும். ஆனால் கடுகு வெடித்துக் கறிவேப்பிலை பொரிய அரை நிமிடம். டிரான்ஸ் உண்டாக அந்த நேரம் போதாது.


வடைக்கடை மகள், வெள்ளி இரவு 8.15

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சேர் எழுதியதை நான் முழுதாக அம்மாவுக்கு வாசித்தேன். மிலாறுக் கட்டு வந்ததும் "ஆமா, அது கட்டுக்கு அடங்காது" என்று சிரித்தார். நிக்கல் என்றால் என்ன என்று கேட்டார். அன்றிரவு சாப்பிட்டார்.

நாவலப்பிட்டி அக்கா கேட்டதற்கு: அப்பா தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பகுதியில் இரவு வேலை. விடிந்ததும் தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கடையில் தேநீரும், மாஜரின் தடவிச் சீனி தூவிய பாணும், சில நாள் கிரீம் பணிஸும். இருபது வருடத்துக்கு மேல். அதோடு பீடி, நெஞ்சுவலி வந்த பிறகுதான் விட்டார். வீட்டில் அம்மா கொடுத்த வடை வாரத்துக்கு மூன்று நான்கு இருக்கும். இதை எழுதும்போதுதான் நானே கணக்குப் பார்க்கிறேன்.

ஹட்டன் டவுனில் ஒரு வெப்பமானி வாங்கினேன், எண்ணெய்க்குள் விடக்கூடியது. புதன்கிழமை முழுக்க அடுப்படியில் இருந்து பார்த்தேன். வடை கிடக்கும்போது 170 க்கும் 180 க்கும் இடையில் நின்றது. அம்மா வடையை அள்ளிவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களுக்குப் பேப்பரில் சுற்றிக் கொடுத்து, மிச்சக் காசு எண்ணிக் கொடுத்துத் திரும்புவதற்குள் 200 ஐத் தாண்டிப் புகை வந்துவிட்டது. சேர் சொன்ன அதே இடம். இத்தனை வருடமாக அம்மாவுக்கு இருமல் வருவதும் அந்த இடத்தில்தான்.

இப்போது வடையை அள்ளும்போதே இரண்டு விறகை வெளியே இழுத்துவிடுகிறோம். தம்பி சனி, ஞாயிறில் வந்து காசு வாங்குகிறான், அம்மா அடுப்பை விட்டு நகர்வதில்லை. காலைப் பொரிப்பு முடிந்து எண்ணெய் ஆறியதும் துணியில் வடித்து, மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கிறோம். காலை, மாலை இரண்டு தடவைதான். பழைய எண்ணெயில் புதுசை ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். செலவு கூடத்தான் செய்கிறது, அதை மறைக்கவில்லை. வடைக்கு விலை ஏற்றாமல் சின்னத் தாச்சிக்கு மாறியிருக்கிறோம், ஒரு தடவைக்கு அரைப் போத்தல் குறைவாகப் பிடிக்கிறது.

ஒரு கேள்வி மிச்சம். வடித்துக் கழித்த எண்ணெயை என்ன செய்வது? கானில் ஊற்றினால் கீழ் லயத்துப் பக்கம் அடைத்துக்கொள்ளும்.


போறணை, வெள்ளி இரவு 8.50

கானில் ஊற்றாதீர்கள் தங்கச்சி, குளிரில் உறைந்து கல்லாகிவிடும். மரத்தூளில் ஊற்றிப் பிசைந்து வையுங்கள், அடுப்பு மூட்ட நன்றாக எரியும். வெளி அடுப்பில் மட்டும், புகை வீட்டுக்குள் வர விடாமல். யாராவது டின்னோடு வந்து விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். அது எந்தக் கடையின் தாச்சிக்குப் போகும் என்று ஏலக்காய் தம்பி எழுதியிருக்கிறார்.

அப்பா சாப்பிட்ட பாணைப் பற்றி வாசித்தேன். நான் அடித்த மாஜரினாகக்கூட இருக்கலாம். அவர் சுகமாக வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.


வெள்ளைச்சீருடை, சனி காலை 6.30

தங்கச்சி, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது நீங்கள் இங்கே எழுதிய அந்தக் காலைச் சாப்பாட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதல் ஆளாகக் கொடுங்கள். வரிசை நீளம்தான், ஆனால் தாளை வாசிக்க அரை நிமிடம் போதும். அம்மாவின் இருமலையும் ஒரு தடவை காட்டுங்கள்.


வடைக்கடை மகள், சனி காலை 7.05

வியாழக்கிழமை கிளினிக் நாள். தாள் எழுதிவிட்டேன் அக்கா. வீட்டிலிருக்கும் மாஜரின் டப்பாவையும் பையில் வைத்திருக்கிறேன். அம்மாவும் வருகிறார், அன்றைக்குக் கடை இல்லை.